அடிமுத்திரையும் ஏல விலையும்: பழைய பிரெஞ்சுப் பீங்கான் பாத்திரங்கள்

ஆரணிக்கு அருகே பூசிமலைக்குப்பத்தில் பாழடைந்து நிற்கும் கண்ணாடி மாளிகையைப் பற்றிக் கேட்டால், இந்த வட்டாரத்தில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஆரணி ஜாகீர்தார் ஒருவர் தம் பிரெஞ்சுக் காதலிக்காகக் கட்டியதாம். வாய்மொழியாக வந்த கதை அது. இப்படி ஒரு கதை உலவும் ஊரில், தங்கக் கரை போட்ட பழைய பீங்கான் தட்டு ஒன்றைக் காட்டி, "அந்த மாளிகைச் சாமான், அந்தம்மா சாப்பிட்ட தட்டு" என்று ஒருவர் விலை சொன்னால் என்ன செய்வது? கதைக்கு எவ்வளவு கொடுக்கலாம், தட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பாரிஸின் துருவோ ஏலக்கூடத்தில் நிற்பவரும், இணையத்தில் ஏலப் பட்டியலைப் புரட்டும் சென்னைக்காரரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. இந்தச் சந்தையில் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் தட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் அல்லர், கதையைக் கேட்டு ஏமாந்தவர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆரணிக்கு வந்ததில் சந்தேகமில்லை. 1751-இல் ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் அவருடைய பிரெஞ்சுத் துணைப்படையையும் முறியடித்தது இங்கேதான். 1782-இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் ஆரணியைக் குறிவைத்து வந்ததற்குக் காரணம், ஹைதர் அலி தம் படைக்கான சேமிப்பை ஆரணிக் கோட்டையில் வைத்திருந்தது. ஆனால் படையோடு வந்தவர்கள் மூட்டையில் டின்னர் செட் கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரிப் பெரிய வீடுகளின் மேசையில் இருந்த பீங்கானிலும் பெரும்பங்கு பிரான்சில் செய்ததல்ல. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீனாவிலிருந்து ஏற்றி வந்தவை அவை. ஐரோப்பியக் குடும்பச் சின்னங்களைக்கூடச் சீனத் தொழிலாளர்களே வரைந்து அனுப்பினார்கள். கம்பெனிப் பீங்கான் என்று பிரெஞ்சுப் பெயரோடு இன்று ஏலத்துக்கு வருபவற்றில் பல சீனச் சரக்கு. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே அதற்கு முன்பு அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்ஸ் காலத்து மேசைச் சாமான் என்று யாராவது எதையாவது நீட்டினால் காகிதம் கேட்பது நல்லது.

நம் பக்கத்துக்கு நேரே வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பீங்கானுக்கு ஓர் உறுதியான சான்று உண்டு. திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்கள் 1787-இல் புதுச்சேரியில் கப்பலேறி, 1788 ஆகஸ்டில் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். போர் உதவி கேட்ட கையோடு திப்பு கேட்டனுப்பிய பட்டியலில் பீங்கான் தொழிலாளர்கள், கண்ணாடி செய்பவர்கள், கடிகாரக்காரர்கள், நெசவாளர்கள் எல்லாம் இருந்தார்கள். படை கிடைக்கவில்லை. அரசர் தம் செவ்ர் ஆலையின் பீங்கானைப் பரிசாக அனுப்பினார். படை கேட்டவருக்குப் பாத்திரம் கொடுத்தனுப்பிய அந்த அரசரின் தலையே ஐந்து வருடத்தில் போய்விட்டது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அரண்மனைப் பொருள்கள் கொள்ளைப் பங்காகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் சிதறின. "திப்புவின் செவ்ர்" என்ற பேச்சுக்கு ஊற்று இது.

அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதுதான் செவ்ரின் தனிச்சிறப்பு. யார் வரைந்தார்கள், எந்தச் சூளையில் வைத்தார்கள், யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்று அந்த ஆலை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஏடு எழுதி வைத்தது. அந்த ஏடுகள் இன்றும் செவ்ரிலேயே இருக்கின்றன. அரச வம்சத்துச் சாமான் என்று சொல்லி விற்பவர் அந்த ஏட்டிலிருந்து ஒரு வரிகூடக் காட்டவில்லை என்றால், அவர் விற்பது கதையைத்தான்.

ஆலையின் வரலாற்றைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ளாமல் விலை புரியாது. சீனாவின் ஜிங்தேசென் சூளைகளை நேரில் பார்த்த தான்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712-இலும் 1722-இலும் எழுதிய கடிதங்களில் செய்முறையை விவரித்தார். பிரான்சுக்குச் செய்முறை கிடைத்தது, மண் கிடைக்கவில்லை. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் இல்லாமல் உண்மையான பீங்கான் வராது. அதனால் 1740-இல் பாரிஸ் அருகே வான்சென் கோட்டையில் தொடங்கிய ஆலை, கண்ணாடிக் கலவையை உருக்கிப் பொடித்து அதிலிருந்து ஒரு மாற்றுப் பீங்கானைச் செய்தது. இதை மென்பீங்கான் என்கிறார்கள். சூளையில் வளையும், உடையும், கத்தி பட்டால் கீறும். ஆனால் ஈயம் கலந்த அதன் மெருகுக்குள் வண்ணம் உருகி இறங்குவதால் வரும் ஆழம் வேறு எதற்கும் வராது. 1753-இல் வந்த வான்நீலம் இன்றும் ஏலக்காரர்களைக் கிறங்க வைக்கிறது. ஆலை 1756-இல் செவ்ருக்கு மாறியது. பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் பொம்பதூரின் மாளிகை அருகில் இருந்தது அதற்கு ஒரு காரணம். 1759-இல் பதினைந்தாம் லூயி ஆலையை முழுவதும் வாங்கிவிட்டார். வருடக் கடைசியில் தம் அரண்மனை அறைகளிலேயே கடை விரித்துப் பிரபுக்களிடம் பீங்கான் விற்றார். அரசரே விற்க நின்றால் யார் பேரம் பேசுவது?

மண் 1768 வாக்கில் அகப்பட்டது. லிமோஜ் நகருக்குத் தெற்கே சேன்-இரியே என்ற ஊரில், தார்னே என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரின் மனைவி துணி வெளுக்க ஏற்றது என்று நினைத்த வெள்ளை மண்தான் கயோலின் என்று தெரிய வந்தது. 1771-இல் லிமோஜில் முதல் ஆலை எழுந்தது. மண்ணும் விறகும் ஓடையும் அருகருகே இருந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரே சூளைகளாயிற்று. 1842-இல் நியூயார்க்கிலிருந்து வந்து சேர்ந்த டேவிட் ஹாவிலண்ட் என்ற பாத்திர வியாபாரி அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்ய ஆரம்பித்தார். வெள்ளை மாளிகையில் லிங்கன் காலத்துச் செட்டும் ஹேய்ஸ் காலத்துச் செட்டும் ஹாவிலண்ட் செய்து கொடுத்தவை.

இங்கேதான் ஏலத்தில் முதல் குழப்பம். லிமோஜ் என்பது ஆலையின் பெயரல்ல, ஊரின் பெயர். இதை ஆரணிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆரணிப் பட்டு என்றால் ஒரு கம்பெனியின் சரக்கா? சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் எத்தனையோ தறிகளில் நெய்வது. ஒன்று அசல் ஜரிகை, ஒன்று சாதா ஜரிகை. இரண்டும் ஆரணிப் புடவைதான், ஒரே விலையல்ல. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. லிமோஜ் பீங்கானுக்குப் பிரான்ஸ் அதே மாதிரிப் பாதுகாப்பை 2017 டிசம்பரில்தான் கொடுத்தது. அதற்கு முன்பு செய்த சரக்கில் "லிமோஜ்" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

லிமோஜ் தட்டின் அடியில் பெரும்பாலும் இரண்டு முத்திரை இருக்கும். மெருகுக்கு அடியில் பச்சையாக இருப்பது, வெள்ளைத் தட்டைச் செய்த ஆலையுடையது. மெருகுக்கு மேலே சிவப்பிலோ வேறு வண்ணத்திலோ இருப்பது, வண்ணம் தீட்டிய பட்டறையுடையது அல்லது விற்ற கடையுடையது. இரண்டும் இருந்தால் தட்டு பிறந்த இடமும் வளர்ந்த இடமும் தெரியும். பச்சை மட்டும் இருந்து மேலே ரோஜாப் பூ மலர்ந்திருந்தால் எச்சரிக்கை தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பெண்களிடையே பீங்கானில் படம் வரைவது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. வெள்ளைத் தட்டுகளைக் கப்பலில் வரவழைத்து வீட்டிலேயே வரைந்தார்கள். சிலர் அபாரமாக வரைந்தார்கள். பலர் அப்படி வரையவில்லை. "கையால் வரைந்த லிமோஜ்" என்று ஏலப் பட்டியல் சொல்வது இரு வகைக்கும் பொருந்தும். இன்னொரு குறிப்பும் உதவும். 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம், அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் நாட்டின் பெயரைப் போடச் சொன்னது. "பிரான்ஸ்" என்று முத்திரையில் இருந்தால் தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஆகவே, அந்தச் சொல்லுள்ள தட்டை 1850-ஆம் ஆண்டுச் சாமான் என்று விற்க வருபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

செவ்ர் முத்திரைதான் உலகத்தில் அதிகம் போலி செய்யப்பட்ட பீங்கான் முத்திரைகளில் ஒன்று. இரண்டு 'எல்' எழுத்துகள் பின்னிய அரச முத்திரை, நடுவில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து. 'ஏ' என்றால் 1753. எழுத்துகள் தீர்ந்ததும் 1778 முதல் இரட்டை எழுத்து. புரட்சிக்குப் பின் குடியரசின் முத்திரை, பிறகு நெப்போலியனின் ஏகாதிபத்திய முத்திரை. இதை எழுதி வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. 1800 முதல் 1847 வரை ஆலையை நடத்திய புரோனியார், கிடங்கில் தேங்கிய பழைய மென்பீங்கான் வெள்ளைச் சரக்கை விற்றுத் தீர்த்தார். வெளியே இருந்த கைகாரர்கள் அதில் வான்நீலம் பூசி, பொம்பதூர் முகத்தை வரைந்து, பழைய முத்திரையைப் போட்டு விற்றார்கள். மண் அசல், காலம் அசல், ஓவியம் மட்டும் ஐம்பது வருடம் பிந்தியது. இது தவிர, 1845-இல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் கம்பெனி உலகத்துப் பீங்கான் அனைத்துக்கும் நகல் செய்தது. "துய்லரி அரண்மனை" என்று சிவப்பு முத்திரை குத்திய வண்டி வண்டியான சரக்கு அந்த அரண்மனை வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செவ்ர் ஆலை வெள்ளையாகவே விற்ற தட்டுகளின் முத்திரையில் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு கீறிவிடும். அந்தக் கோட்டின் மேல் தங்கப் புள்ளி வைத்து மறைத்திருக்கிறார்கள் என்றால் விஷயம் விளங்கும். என் கணக்கு இது: செவ்ர் முத்திரையைப் பார்த்ததும் போலி என்று வைத்துக்கொண்டு, அசல் என்று நிரூபிக்க வேண்டிய வேலையை விற்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

நிரூபணம் இருந்தால் விலை எங்கே போகும்? புரட்சி அரசு வெர்சாய் அரண்மனைப் பொருள்களை 1793 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் ஏலம் விட்டது. பதினேழாயிரம் லாட்டுக்கு மேல். சிதறிய அரச சாமான்களில் நிறைய ஆங்கிலப் பிரபுக்களிடம் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர் பித்துப் பிடித்ததுபோல் செவ்ர் வாங்கினார். ரஷ்யப் பேரரசி காதரின் 1776-இல் சொல்லி, 1779-இல் வந்து சேர்ந்த வான்நீலச் செட்டில் ஏறத்தாழ 800 உருப்படிகள். 1837-இல் குளிர்கால அரண்மனை தீப்பிடித்தபோது அதில் ஒரு பங்கு களவு போனது. போனதில் பலவற்றை ரஷ்யாவே பின்னால் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அண்மைய உதாரணம் ராக்ஃபெல்லர் குடும்ப ஏலம். 1807-க்கும் 1809-க்கும் இடையில் நெப்போலியனுக்காகச் செய்த சிவப்புக் கரைச் செவ்ர் டெசர்ட் செட் 2018 மே மாதம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. மதிப்பீடு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர். போனது 18 லட்சம் டாலருக்கு மேல். பீங்கானோடு நெப்போலியன் என்ற பெயரும் ராக்ஃபெல்லர் என்ற பெயரும் சேர்ந்து விலை போயின. இரண்டுக்கும் காகிதம் இருந்தது.

அதைப் படித்துவிட்டு வீட்டுப் பரணில் இருக்கும் லிமோஜ் செட்டுக்கு ஆசை வளர்ப்பவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி மகிழ்ச்சியானதல்ல. பன்னிரண்டு பேருக்கான, நூறு உருப்படி கொண்ட சாதாரண லிமோஜ் செட் ஐரோப்பிய ஏலங்களில் புது ஸ்டீல் பாத்திர செட் விலைக்குப் போவது வாடிக்கையாகிவிட்டது. சாப்பாட்டு மேசை சிறுத்துவிட்டது. கழுவ ஆளில்லை. தங்கக் கரை இயந்திரத்தில் கழுவினால் போய்விடும், மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். தாத்தா காலத்தில் சூப்புக்கு ஒரு தட்டு, மீனுக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று செட் வாங்கினார்கள். பேரப்பிள்ளைகள் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அச்சான பூ டிசைன்கள் லட்சக்கணக்கில் வந்ததால் அருமையும் இல்லை.

இந்த மலிவுச் சந்தையிலும் ஒரு விதி வேலை செய்கிறது. தட்டுகள் எப்போதும் மிஞ்சும், மூடியிட்ட பெரிய சூப் பாத்திரமும் குழம்புக் கிண்ணமும் உடைந்துபோகும். ஆகவே செட்டின் விலை தட்டின் எண்ணிக்கையில் இல்லை, மூடிகளில் இருக்கிறது. அசல் மூடி பொருந்தி உட்கார்ந்திருக்கிறதா, வேறு பாத்திரத்தின் மூடியா என்று பார்க்காமல் கை தூக்கக் கூடாது. ஹாவிலண்ட் செட்டில் குறை நிரப்ப வழி உண்டு. டிசைன்களுக்கு ஆலை பெயர் அச்சிடாததால், அமெரிக்காவில் ஆர்லீன் ஷ்லைகர் என்ற பெண்மணி அவற்றைத் தொகுத்து எண் கொடுத்தார். சேகரிப்பவர்கள் இன்றும் ஷ்லைகர் எண்ணைச் சொல்லியே தேடுகிறார்கள்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஜவுளிக்காரர்கள் நூல் எண்ணும் மடக்கு லென்ஸ் போதும். பூவிதழ் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு, தூரிகை ஓடிய தடம் தெரிந்தால் கை. கோடு மட்டும் அச்சாகி உள்ளே வண்ணம் கையால் நிரப்பியதும் உண்டு. பட்டியலில் அதையும் "கையால்" என்றே போடுவார்கள். விரலால் சுண்டினால் நல்ல தட்டு மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டுப் போட்டுப் பூசிய இடம் தனி நிறத்தில் தெரியும். நூறு வருடம் புழங்கிய தட்டில் கத்திக் கீறலும், அடி வளையத்தில் தேய்மானமும், விளிம்புத் தங்கத்தில் மங்கலும் இருக்க வேண்டும். எல்லாம் பளபளவென்றால் மறுபூச்சு, அல்லது புதுசு.

ஏலத்தில் விலை என்பது சுத்தியல் அடிக்கும் தொகையல்ல. வாங்குபவர் கமிஷன் பெரிய ஏலக்கூடங்களில் பெரும்பாலும் கால் பங்குக்குக் குறையாது. 40,000 ரூபாய்க்கு அடித்தால் கையைவிட்டுப் போவது 50,000. மேலே வரி, பொதிகட்டும் கூலி, சுங்கம், காப்பீடு. நூறு உருப்படிச் செட் முப்பது கிலோவைத் தாண்டும், அதிலும் உடையும் சரக்கு. வெளிநாட்டில் மலிவாக எடுத்த செட்டுக்கு, செட்டின் விலையைவிடக் கொண்டு வரும் செலவு கூடுவது சகஜம். பட்டியல் மொழியையும் கற்றுக்கொள்ள வேண்டும். "செவ்ர்" என்பது வேறு, "செவ்ர் பாணி" என்பது வேறு. "இருக்கும் நிலையில்" என்று எழுதியிருந்தால் எங்கோ உடைசல் இருக்கிறது, அவர்கள் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள் இந்தச் சாமான் வெளிவரும் வாசல்கள் சில. 1954-இல் புதுச்சேரி கைமாறியபின் பிரான்சுக்குப் போன குடும்பங்கள் விட்டுச் சென்றவை ஒரு வாசல். 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் வருமானம் நின்ற ஜமீன் வீடுகள் இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பீங்கான் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலேய, ஜப்பானியச் சரக்கு. செட்டிநாட்டு வீடுகள் பிரான்சைவிட பர்மா வழியாகத்தான் வாங்கின. சென்னை மவுன்ட் ரோட்டு மர்ரே கம்பெனி ஏலம் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். அசல் செவ்ர் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க விரும்புபவர்கள் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

சட்டமும் உண்டு. 1972-இல் இயற்றி 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் தொல்பொருள். எந்த நாட்டில் செய்தது என்று அந்த வரையறை பிரிப்பதில்லை. அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். புதுச்சேரியில் வாங்கிய பாட்டி காலத்துத் தட்டைப் பாரிஸ் மகளுக்குப் பார்சல் அனுப்பும் முன் இதை யோசிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. சாப்பிட ஆசைப்பட்டு, நல்ல மூடிகளோடு கூடிய பத்தொன்பதாம் நூற்றாண்டு லிமோஜ் செட்டை மலிவாக எடுப்பவர் புத்திசாலி. அவ்வளவு நேர்த்தியான பாத்திரம் அந்த விலைக்குப் புதிதாகக் கிடைக்காது. முதலீடாக எடுப்பவர் பணத்தைப் பரணில் ஏற்றுகிறார். செவ்ரைக் காகிதம் இல்லாமல் எடுப்பவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பூசிமலைக்குப்பம் கதைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தரத் தேவையில்லை. கதை ஊருக்குச் சொந்தம், யாரும் விற்க முடியாது.

ஆரணி, வேலூர், புதுச்சேரிப் பக்கத்தில் பழைய வீடுகளைப் பாகம் பிரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சாமான்காரரை அழைப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் திருப்பி, அடிமுத்திரையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மூடிகளை அதனதன் பாத்திரத்தின் மேல் வைத்து எண்ணுங்கள். வாங்கிய ரசீது, கடிதம், விருந்தில் எடுத்த பழைய புகைப்படம் எது இருந்தாலும் பாத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். செட்டை உடைத்து உருப்படி உருப்படியாக விற்காதீர்கள்.